மீனவரும் பாவியும், எழுத்து மேல ஒரு தொப்பி

புதுச்சேரியில டைப்பிங், டிடிபி வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆரம்பத்துல, 2001ன்னு நினைக்கிறேன், வீராம்பட்டினத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. ஐம்பது வயசு இருக்கும். அவரோட பொறப்புப் பத்திரத்தை பிரெஞ்சுல மாத்தி வாங்கணும், பையன் பிரான்சுல இருக்கான். மொழிபெயர்ப்பாளர் ஐயா கையால எழுதிக் குடுத்துட்டாரு, அதை அடிச்சு பிரின்ட் எடுத்துக் குடுக்குறது மட்டும்தான் என் வேலை. அதுல அப்பா தொழில்னு ஒரு கட்டம். மீனவர். பிரெஞ்சுல பெஷேர்.

அப்ப எனக்கு பிரெஞ்சு தெரியாது. எழுத்து மேல கோடு வந்தா ஆல்ட் பட்டனை அமுக்கிக்கிட்டு ஒரு நம்பர் போடணும்னு ஒருத்தர் சொல்லிக் குடுத்திருந்தாரு, ஒரே ஒரு நம்பர், 0233. ஆங்கிலத்துல ஈ-ன்னு சொல்றோமே அந்த எழுத்து, அது மேல வலது பக்கமா ஏறுற ஒரு சாய்ஞ்ச கோடு, அது வரும். கையெழுத்துல மேல என்ன இருந்தாலும் நான் அதையேதான் போட்டுக்கிட்டு இருந்தேன்.

பக்கத்து பெஞ்சுல ஒரு பழைய சொல்தா உக்காந்திருந்தாரு, பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு. பிரின்ட்டை வாங்கிப் படிச்சவரு கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாத்து, "தம்பி, இவரு அப்பா என்ன வேலை பாத்தாரு?"ன்னு கேட்டாரு. மீன் புடிக்கிற வேலைங்க முசே-ன்னேன். "நீ பாவின்னு அடிச்சிருக்க"ன்னாரு.

ஈ மேல கூரை மாதிரி தொப்பி இருந்தா, அதாவது ஆக்சான் சிர்கோன்ஃப்ளெக்ஸ் இருந்தா, அந்த வார்த்தை மீனவர். அதே எடத்துல சாய்ஞ்ச கோடு, ஆக்சான் தேகூ, இருந்தா பாவம் செஞ்சவன். மத்த எழுத்து ஒண்ணுகூட மாறாது. அந்த அண்ணன் ஒண்ணும் கோவப்படல, "எங்கப்பா கட்டுமரத்துல போனவருங்க, அப்படியே போய் சேந்துட்டாரு"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்கு கை ஓடல. அன்னிக்கு ராத்திரியே சொல்தா ஐயாவை உக்காத்தி வச்சு ஒவ்வொரு கோடா கேட்டு எழுதிக்கிட்டேன். அதுலேர்ந்து கத்துக்கிட்டதை எல்லாம் இங்க சொல்லிடுறேன், இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க யாரும் என்னை மாதிரி அடுத்தவங்க அப்பா பேர்ல கத்துக்க வேணாம்.

மொதல்ல நம்பர். விண்டோஸ்ல ஆல்ட் அமுக்கிக்கிட்டு வலது பக்க நம்பர் பேட்ல அடிக்கணும், மேல வரிசையில இருக்குற நம்பர்ல அடிச்சா வேலை செய்யாது, நிறைய பேர் இங்கயே மாட்டிக்கிறாங்க. ஈ மேல தேகூ 0233, கிராவ் அதாவது எதிர்ப்பக்கம் சாயுறது 0232, தொப்பி 0234, ரெண்டு புள்ளி 0235. ஏ மேல கிராவ் 0224. யூ மேல கிராவ் 0249. சி-க்கு கீழ வால், செதிய்னு சொல்வாங்க, 0231. ஓ-வும் ஈ-யும் ஒட்டிக்கிட்டு ஒரே எழுத்தா வருமே, சகோதரின்னு பிரெஞ்சுல எழுதணும்னா அது வேணும், அது 0156. இதை எல்லாம் ஒரு அட்டையில எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டினேன்.

ஒட்டின மறுவாரமே குழப்பம். வேற ஒரு டைப்பிஸ்ட் வந்து, ஏன் நாலு நம்பர் அடிக்கிற, 130 அடி போதும், அதே எழுத்து வரும்னாரு. வந்துச்சு. அப்ப அந்த பூஜ்யம் எதுக்கு? எனக்கு இது ரொம்ப நாள் புரியல, புரிஞ்சப்பதான் மொத்த விஷயமும் தெளிஞ்சுச்சு.

கம்ப்யூட்டருக்கு எழுத்து கிடையாது, நம்பர்தான். 1963ல அமெரிக்காவுல ஆஸ்கின்னு ஒரு பட்டியல் போட்டாங்க, மொத்தம் 128 எடம், அதுல ஆங்கில எழுத்து, எண், கமா, புள்ளி, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் கோட்டுக்கு அதுல எடமே இல்ல. ஆனா ஒரு பைட்ல, அதாவது கம்ப்யூட்டர் நம்பரை வைக்கிற சின்ன அறையில, 0லேர்ந்து 255 வரைக்கும் 256 நம்பர் புடிக்கும், அதனால 128லேர்ந்து 255 வரைக்கும் காலியா கெடந்த மாடியில ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு குடி வச்சாங்க. 1981ல வந்த ஐபிஎம் பிசியோட பட்டியல்ல தேகூ போட்ட ஈ 130ஆம் எடத்துல இருந்துச்சு. 1987ல ஐஎஸ்ஓ 8859-1ன்னு, லத்தீன்-1ன்னு சொல்வாங்க, மேற்கு ஐரோப்பாவுக்குன்னு ஒரு பட்டியல் வந்துச்சு, அதுல அதே எழுத்து 233. விண்டோஸ் அதை ஒட்டி 1252ன்னு ஒரு பட்டியல் வச்சுக்கிச்சு. நாம பூஜ்யம் இல்லாம அடிச்சா அந்த ஐபிஎம் பிசி வழியில வந்த, விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்துப் பட்டியலைப் பாக்கும், பூஜ்யத்தோட அடிச்சா 1252ஐப் பாக்கும். பூஜ்யத்தை மறந்து 233 அடிச்சா வேற எதாவது எழுத்துதான் வந்து நிக்கும்.

அந்த லத்தீன்-1ல ஒரு குறை இருக்கு, எனக்கு இன்னிக்கும் அது வருத்தம்தான். ஓ-ஈ ஒட்டின எழுத்தை அதுல சேக்கவே இல்ல. பெருக்கல் குறி 215லயும் வகுத்தல் குறி 247லயும் எழுத்துங்களுக்கு நடுவுல ஜம்முனு உக்காந்திருக்கு, பிரெஞ்சுல தினம் எழுதுற இதயம், சகோதரி, முட்டைங்குற வார்த்தைக்கு வேண்டிய எழுத்துக்கு எடம் இல்ல. 1252ல மட்டும் 156ல கொண்டுவந்து வச்சிருக்காங்க. ஐஎஸ்ஓ பட்டியல்ல அது வர்றதுக்கு லத்தீன்-9 வரைக்கும், அதாவது 1999 வரைக்கும் காத்திருக்க வேண்டி இருந்துச்சு, யூரோ குறிக்காக புதுசா போடும்போதுதான் இதையும் சேத்தாங்க.

இந்த மாடி வீட்டுல நம்ம தமிழும் குடி இருந்துச்சு, அதுதான் எனக்கு அடுத்த அடி. 2003ல ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பிரெஞ்சு. பொண்ணு பேரு தெரேஸ், பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல மொத ஈ மேல தேகூ, ரெண்டாவது ஈ மேல கிராவ். பேஜ்மேக்கர்ங்குற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்ல ரெண்டு பக்கமும் அடிச்சு முடிச்சு, தமிழ் பக்கத்துலயும் பொண்ணு பேரை பிரெஞ்சு எழுத்துலயே ஒருதடவ போடணும்னு கேட்டாங்க, சரின்னு காப்பி பண்ணி ஒட்டிட்டு பாரா முழுக்க தமிழ் ஃபான்ட்டைப் போட்டேன். திஸ்கிங்குற பழைய தமிழ்ப் பட்டியல்படி செஞ்ச ஃபான்ட். பேருக்கு நடுவுல ஒரு 'ளூ', கொஞ்சம் தள்ளி ஒரு 'ழூ'. ஆங்கில எழுத்துக்கு நடுவுல தமிழ் எழுத்து செருகின மாதிரி நிக்குது.

ஏன்னா திஸ்கி கீழ் பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுட்டு மேல் பாதியில தமிழை வச்சது. 233ங்குற நம்பர் லத்தீன்-1ல தேகூ போட்ட ஈ, திஸ்கியில ளூ. 232 அங்க கிராவ் போட்ட ஈ, இங்க ழூ. ஃபைல்ல இருக்குறது நம்பர் மட்டும்தான், எந்தப் பட்டியல்னு ஃபைல் சொல்லாது, ஃபான்ட்டை மாத்தினா எழுத்து மாறிடும். அந்தக் காலத்துல தமிழ் சைட்டுக்குப் போய் ஃபான்ட் இல்லாம திறந்தவங்க எல்லாருக்கும் இதோட மறுபக்கம் ஞாபகம் இருக்கும்: வணக்கம்னு எழுதினது தலையில வட்டம் வச்ச ஒரு பெரிய ஏ, அடுத்து அரைங்குற பின்னம், அப்புறம் கோடு போட்ட ஐ, கடைசியில தலையில பாம்பு நெளியுற ஓ, இப்படித் தெரியும். அந்த வட்டம், பாம்பு, கோடு எல்லாம் ஐரோப்பாக்காரங்க எழுத்து. நாம அவங்க எடத்துல இருந்தோம், அவ்வளவுதான்.

அந்தப் பத்திரிகையை நான் பிரின்ட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பாத்துட்டேன், தப்பிச்சேன். அதுலேர்ந்து ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன், பிரெஞ்சுக்கு தனி டெக்ஸ்ட் பிளாக், தமிழுக்கு தனி டெக்ஸ்ட் பிளாக், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடவே மாட்டேன். யூனிகோடு வந்தப்புறம் இது தேவையில்ல, ஆனா இன்னும் பழைய ஃபான்ட்ல வேலை நடக்குற பிரஸ் நிறைய இருக்கு, அங்க குடுக்கும்போது பாத்துக்கோங்க.

யூனிகோடு வந்தா எல்லாம் சரியாயிடும்னுதான் நானும் நினைச்சேன். 1991ல மொத பதிப்பு வந்துச்சு, ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே நம்பர். மொத 256 எடத்தை லத்தீன்-1 அப்படியே எடுத்துக்கிட்டாங்க, அதனால தேகூ ஈ அங்கயும் 233தான், தமிழுக்கு 2944லேர்ந்து தனி எடம். இனி ளூ-வும் ஈ-யும் மோதிக்காது. ஆனா அந்த நம்பரை பைட்டா எழுதுற முறை வேற. 1992ல கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில ஒரு ஓட்டல்ல சாப்பிட உக்காந்த எடத்துல, தட்டு வைக்கிற காகிதத்துல எழுதி வடிவமைச்சாங்களே யூடிஎஃப்-8, அதுல 127 வரைக்கும் ஒரு பைட், அதுக்கு மேல போனா ரெண்டு, மூணு, நாலுன்னு போகும். தேகூ ஈ-க்கு ரெண்டு பைட், 195, 169. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட்.

இது தெரியாம ஒரு சங்கத்தோட உறுப்பினர் லிஸ்ட்டைக் கெடுத்திருக்கேன், ஏறக்குறைய நானூறு பேர். சிஎஸ்வி ஃபைலா, அதாவது கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைலா வந்துச்சு, டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறந்தேன், கோடு போட்ட ஒவ்வொரு எடத்துலயும் தலையில பாம்பு நெளியுற பெரிய ஏ-வும் அதுக்குப் பக்கத்துல இன்னொரு குறியும், தேகூ ஈ இருந்த எடத்துல அது காப்பிரைட் குறி. அனுப்பினவங்க தப்பா அனுப்பிட்டாங்கன்னு நினைச்சு உக்காந்து ஒவ்வொண்ணா ஃபைன்ட் ரீப்ளேஸ் போட்டேன். அதுல ஏ மேல கிராவ் வர்ற எடம் மட்டும் சரியாவே வரல, ஏன்னா அதோட ரெண்டாவது பைட் 160, அது கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ், பாம்பு ஏ மட்டும்தான் தெரியும், அதை மாத்தினா மத்த எல்லா எழுத்தும் பாழ். ஒரு நாள் முழுக்க போச்சு. ஃபைல்ல தப்பே இல்லங்க. 195ஐயும் 169ஐயும் ரெண்டு தனித்தனி எழுத்தா 1252 பட்டியல்ல பாத்தா பாம்பு ஏ-வும் காப்பிரைட்டும்தான் வரும். டபுள் கிளிக் பண்ணாம, டேட்டா மெனுவுல போய் டெக்ஸ்ட் ஃபைலை உள்ள கொண்டுவர்ற வழியில திறந்து, எந்த என்கோடிங், அதாவது எந்த எழுத்து முறைன்னு கேக்குற எடத்துல 65001 யூடிஎஃப்-8னு சொல்லி இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. நாம அடுத்தவங்களுக்கு அனுப்பும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8னு இருக்குற வகையில சேவ் பண்ணினா போதும், அது ஃபைலோட ஆரம்பத்துல 239, 187, 191னு மூணு பைட் அடையாளம் வச்சிடும், எக்செல் அதைப் பாத்துப் புரிஞ்சுக்கும்.

அதுக்கப்புறம் கண்ணால பாத்தே நோயைச் சொல்லக் கத்துக்கிட்டேன். ஒரு எழுத்து இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு குப்பை எழுத்து நின்னா, ஃபைல் யூடிஎஃப்-8, திறக்குற விதம் பழசு. கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி வந்தா அப்படியே தலைகீழ், ஃபைல் பழசு, யூடிஎஃப்-8னு நினைச்சுத் திறந்திருக்கோம். இந்த ரெண்டுலயும் சேவ் பண்ணாம மூடிட்டு சரியா திறந்தா எழுத்து திரும்பக் கெடைச்சிடும். வெறும் கேள்விக்குறி மட்டும் நின்னா, யாரோ ஏற்கனவே சேவ் பண்ணிட்டாங்க, எழுத்து போயே போச்சு, மூல ஃபைலைத்தான் கேட்டு வாங்கணும். நம்ம தமிழுக்கும் இதே வைத்தியம்தான்: கிராவ் போட்ட ஏ-வும் வட்டத்துக்குள்ள ஆரும் திரும்பத் திரும்ப வரிசையா வந்தா அது தமிழ்தான்னு எடுத்துக்கலாம், ஏன்னா தமிழ் எழுத்து எல்லாமே 224, 174 இல்லன்னா 224, 175ன்னுதான் ஆரம்பிக்கும்.

எஸ்எம்எஸ்ல ஒரு விஷயம் இருக்கு, சீக்கிரம் சொல்லிடுறேன். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 விழாவுக்கு ஒரு குழுவுக்கு மெசேஜ் அனுப்பினோம், 110 எழுத்துதான், ஒரு மெசேஜ் காசுதான் ஆகும்னு கணக்குப் போட்டோம், டபுள் ஆச்சு. விழான்னு பிரெஞ்சுல எழுதினா ஃபெத், அதுல தொப்பி போட்ட ஈ. எஸ்எம்எஸ்சோட சாதாரணப் பட்டியல்ல தேகூ ஈ, கிராவ் ஈ ரெண்டும் இருக்கு, தொப்பி ஈ இல்ல. அது ஒண்ணே ஒண்ணு வந்துட்டா மொத்த மெசேஜும் வேற முறைக்கு மாறிடும், 160 எழுத்து புடிக்கிற எடத்துல 70தான் புடிக்கும், தமிழ் மெசேஜ் மாதிரியே.

இப்பல்லாம் நான் ஆல்ட் நம்பர் அடிக்கிறது இல்ல. விண்டோஸ்ல யுஎஸ் இன்டர்நேஷனல் கீபோர்டைச் சேத்துட்டேன், ஒத்தை மேற்கோள் குறியை அடிச்சா ஒண்ணும் வராது, அடுத்து ஈ அடிச்சா தேகூ ஈ வந்து நிக்கும். அதே மேற்கோள் குறிக்கு அப்புறம் சி அடிச்சா வாலோட சி. தொப்பிக் குறியை அடிச்சு ஈ அடிச்சா மீனவர். தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் எழுதினவங்களுக்கு இது புதுசே இல்ல, நகரா விசைதான் இது, அடிச்சா குறி விழும், வண்டி நகராது, அடுத்த எழுத்து அது மேலயே வந்து உக்காரும். ஒரே தொல்லை, வெறும் மேற்கோள் குறி வேணும்னா அதை அடிச்சுட்டு ஸ்பேஸ் தட்டணும், பழகிடும். பிரான்சுலேர்ந்து வர்றவங்க அஸெர்ட்டி கீபோர்டு கேப்பாங்க, அதுல 2ங்குற பட்டன்லயே தேகூ ஈ இருக்கும், 7ல கிராவ் ஈ, 9ல வால் சி, 0ல கிராவ் ஏ, எண் வேணும்னாதான் ஷிஃப்ட். அதுலயும் விண்டோஸ்ல கேப்ஸ் லாக் போட்டு 2 அடிச்சா பெரிய எழுத்துல தேகூ வராது. அதனாலயே பெரிய எழுத்துக்கு கோடு தேவையில்லன்னு பல பேர் நம்பிட்டாங்க, எங்கிட்டயே வாதாடியிருக்காங்க. பிரெஞ்சு அகாதெமி தெளிவா சொல்லுது, பெரிய எழுத்துக்கும் கோடு வேணும்னு. ஆல்ட் 0201 அடிங்க. போன்ல ரொம்ப சுலபம், ஈ-யை அமுக்கிப் புடிச்சா எல்லாம் மேல வரும்.

பேர் விஷயத்துல மட்டும் யார் சொன்னாலும் விட்டுக் குடுக்க மாட்டேன். இங்க பழைய பிரெஞ்சுப் பதிவேட்டுல நம்ம ஆளுங்க பேரை எழுதும்போது தமிழ் ஏ-காரத்துக்கு அந்தத் தேகூ ஈ-யைத்தான் நிறைய எடத்துல போட்டிருக்காங்க. வேலுன்னு ஒரு பேர். கோட்டை எடுத்துட்டா பிரெஞ்சுக்காரன் வாயில அந்த ஏ-காரம் பாதி முழுங்கிப் போயிடும், வேலு வேலுவா இருக்காது. பிரான்சுல நாந்த் ஊர்ல இருக்குற மத்திய பதிவு அலுவலகத்துலேர்ந்து வர்ற பத்திரத்துல கோடு இருக்கும், நம்ம ஊர் அட்டையில எதுலயும் இருக்காது, பாஸ்போர்ட்டுக்கு அடியில மெஷின் படிக்கிற ரெண்டு வரியில ஏலேர்ந்து இஸட் வரைக்கும் எழுத்து, எண், அம்புக்குறி, இதைத் தவிர எதுக்கும் எடம் இல்ல. அதனால மூணு எடத்துல மூணு விதமா நிக்கும், ஜனங்க பயந்துடுறாங்க. நான் செய்யறது, மூலத்துல எப்படி இருக்கோ அப்படியே அடிப்பேன், கோடு இருந்தா கோட்டோட, இல்லன்னா நானா சேக்க மாட்டேன், அடிச்சதை கஸ்டமர் எதிர்லயே பெரிசு பண்ணி ஸ்கிரீன்ல காட்டி ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாக்கச் சொல்லுவேன்.

கடைசியா என்னை ரொம்பப் படுத்தினது ஒண்ணு இருக்கு. பாரிஸ்ல இருக்குற ஒரு குடும்பம் பழைய மேக்லேர்ந்து ஸ்கேன் எல்லாம் அனுப்பினாங்க. எலேன்னு ஒரு பாட்டியோட பத்திரம், பிரெஞ்சுல ஆறு எழுத்து, அதுல தேகூ ஈ ஒண்ணு, கிராவ் ஈ ஒண்ணு. அதை என் ஃபோல்டர்ல போட்டேன், அங்க ஏற்கனவே நான் அடிச்சு வச்ச அதே பேர் ஃபைல் இருந்துச்சு. பழசு மேல எழுதவான்னு கம்ப்யூட்டர் கேக்கணும் இல்ல? கேக்கல. ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபைல், எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ஒண்ணைப் பழசுன்னு நினைச்சு அழிச்சிருந்தா ஸ்கேன் போயிருக்கும்.

எக்செல்ல ரெண்டு பேரையும் ஒட்டி நீளம் பாக்குற லென் போட்டேன். ஒண்ணு 6, இன்னொண்ணு 8. அப்பதான் புரிஞ்சுது. தேகூ ஈ-யை யூனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம், 233ங்குற ஒரே எழுத்தாவும் எழுதலாம், 101ங்குற வெறும் ஈ-யும் பின்னாடியே 769ங்குற தனிக்கோடும் சேத்தும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. அந்தக் கால மேக் ஃபைல் பேரைப் பிரிச்சு வைக்கும், விண்டோஸ் கீபோர்டு சேத்தே அடிக்கும். நம்ம 'கொ' எடுத்துக்கோங்க, கொம்பும் காலும் சேந்த 3018னு ஒரே குறியாவும் போடலாம், கொம்பு 3014, கால் 3006னு தனித்தனியாவும் போடலாம், பாக்க அதே கொ-தான், ஆனா தேடினா ஒண்ணு கெடைக்கும் ஒண்ணு கெடைக்காது. தமிழ்ல தேடி வராத வார்த்தைக்குப் பின்னாடி பல தடவ இதுதான் இருந்திருக்கு.

என் தம்பி பையன் பைத்தான்ங்குற புரோகிராம் மொழியில ரெண்டு வரி எழுதிக் குடுத்தான், நார்மலைஸ்னு ஒரு கட்டளை, என்எஃப்சின்னு சொன்னா எல்லாத்தையும் சேத்து ஒரே எழுத்தாக்கிடும். வெளிய இருந்து வர்ற எந்த லிஸ்ட்டா இருந்தாலும் இப்ப மொதல்ல அதுல ஓட்டிட்டுத்தான் கை வைக்கிறேன், ஃபைல் பேரு மட்டும் கோடில்லாம எண்ணோட வச்சுக்கிறேன், உள்ள இருக்குற பேரு கோட்டோட. எலேன் பாட்டியோட ஸ்கேன் இப்ப 0147ங்குற பேர்ல இருக்கு, திறந்தா மொத வரியில தேகூவும் கிராவும் ரெண்டும் அதது எடத்துல இருக்கு.